ஆபுத்திரனும் நம் நாட்டுத் திக்கற்ற பிள்ளைகளும்

சென்ற கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி, எம் கல்லூரி மாணவர் சிலர் திருநெல்வேலி டவுணுக்கு அணித்தாயுள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். இனிப்பும் குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு சென்றோம். சிறுவரும் சிறுமியரும் வரிசையாய் அமர்ந்திருந்தனர். எம்முள் சொல்வன்மை மிக்கார் ஒருவர் எழுந்து, தாய்தந்தையர் இல்லாக் குறையைச் சிறிது போக்கவே யாம் வந்துள்ளோம் என்னும் கருத்துப்பட ஓர் உரை தொடங்கினார். முன்வரிசையில் எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "எங்கம்மா இருக்காவ அண்ணே. டவுண்லதான் இருக்காவ, பீடி சுத்துதாவ" என்றாள். அடுத்திருந்த சிறுவன் தனக்கு ஆச்சி உண்டு என்றான். மற்றொருவன் தன் தந்தை திருப்பூரில் இருப்பதாகவும், எப்பொழுது வருவார் என்பது தெரியாது என்றும் கூறினான். உரை அவ்வளவில் நின்றது. இனிப்பைக் கொடுத்துவிட்டு, எடுத்த நிழற்படங்களை இல்லத்தலைவியார் சொற்படி அழித்துவிட்டுத் திரும்பினோம். அத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுதல் சட்டப்படி குற்றம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

தாய் உயிரோடிருக்கும் பிள்ளை திக்கற்ற பிள்ளை ஆவது யாங்ஙனம் என்னும் வினா எம்மோடு கூடவே வந்தது. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

'அநாதை' என்பது வடசொல். நாதன் ஆவான் காப்போன். காப்போன் இல்லாமையே அச்சொல்லின் பொருள். தாய் இறந்தாள் என்றோ தந்தை இறந்தான் என்றோ அதனுள் ஒரு குறிப்பும் இல்லை. நம் வேதாகமத்தைத் தமிழாக்கினோர் 'திக்கற்ற பிள்ளைகள்' என வழங்கினர். எபிரேய மூலத்தில் அவ்விடங்களில் வருவது 'யாத்தோம்' என்னும் சொல். அது பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளையையே குறிக்கும். பழைய ஏற்பாட்டில் திக்கற்ற பிள்ளையும் விதவையும் பலகாலும் இணைத்தே கூறப்படுதலும், யாக்கோபு தம் நிருபத்தில் அவ்விருவரையும் ஒருசேர நிறுத்துதலும் இதனோடு பொருந்துவன. அவ்விதவை யார்? பெரும்பாலும் அப்பிள்ளையின் தாயே அன்றோ? இளமை தொட்டு இப்பகுதிகளைக் கோயிலில் வாசிக்கக் கேட்டு வந்திருந்தும், இருவரையும் இரு வேறு தருமங்களுக்கு உரியோராகவே யாம் எண்ணியிருந்தோம். பிள்ளைக்கு ஓர் இல்லம், தாய்க்கு ஒரு சேலை என்பதே எம் கணக்கு.

உலகக் கணக்கும் இவ்வுண்மையையே காட்டுகின்றது. யூனிசெப் நிறுவனம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டு, பெற்றோருள் ஒருவரையேனும் இழந்தோர் யாவரையும் அநாதையர் எனக் கொள்ளும். 2015ஆம் ஆண்டுக்கு அது கூறிய தொகை ஏறத்தாழ 14 கோடி. அவருள் தாய்தந்தை இருவரையும் இழந்தோர் ஏறத்தாழ 1½ கோடி. எனவே பத்தில் ஒன்பதின்மர்க்கு அண்மையானோர், பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடுள்ள பிள்ளைகளே.

சாத்தனார் இதனினும் செம்மையான ஒரு சொல்லை மணிமேகலையில் ஆண்டுள்ளார். ஆபுத்திரன் அழைத்து உணவூட்டிய எளியோர் வரிசையில் 'பேணுநர் இல்லோர்' என ஒரு சாராரைக் குறிப்பர். பெற்றோர் இல்லோர் என்றாரல்லர். ஆபுத்திரன் வரலாறு நிகழ்ந்த இடமாகச் சொல்லப்படுவதும் நம் பொருநை நாடே ஆதலின், அதனைச் சிறிது விரித்துக் காண்பாம்.

வாரணாசியில் மறையோதுவித்த அபஞ்சிகன் என்பானுடைய மனைவி சாலி. அவள் நெறி வழுவினாள். அதற்குரிய தண்டத்திற்கு அஞ்சிக் குமரியாடச் செல்வாரோடு தெற்கே புறப்பட்டாள். கொற்கைக்கு ஒரு காவத தூரத்தில், ஆயர் குடியிருப்பை அடுத்து, ஓர் ஆண் மகவை ஈன்றாள்; பிறர் கண்ணிற் படாத தோட்டமொன்றில் அதனை இட்டு நீங்கினாள். ஒரு பசு ஏழு நாள் அதற்குப் பால் சுரந்து காத்தது. அவ்வழியே மனைவியோடு வந்த வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் அழுகுரல் கேட்டு, அக்குழவியைத் தன் மகனென எடுத்துச் சென்று வளர்த்தான்.

சாத்தனார் சாலியைக் குழவிக்கு இரங்காதவளாகவே பாடியுள்ளார். இவ்வோரிடத்தில் மட்டும் அப்பெரும்புலவரோடு மாறுபடத் துணிகின்றோம். பிள்ளை இறந்தொழிதலே அவள் கருத்தாயின், கடலும் காடும் அவ்வழியில் இல்லாமற் போகவில்லை. அவள் இட்டது பாலும் மாந்தரும் உள்ள ஆயர்பாடியின் அருகில். நாம் செய்தித்தாள்களில் வாசிக்கும் பச்சிளங் குழவிகளுள் பலவும் மருத்துவமனை வாயிலிலும், கோயிற் படியிலும், பேருந்து நிலையத்து இருக்கையிலும் கிடந்து எடுக்கப்பட்டனவே. ஆளரவம் உள்ள இடம் பார்த்து வைத்துச் சென்ற கையை இரக்கமற்றது எனல் எளிது. அக்கையைத் துரத்தியது யாது என்று கேட்டல் வேண்டும்.

துரத்துவனவற்றுள் பழமையானது பசி. 1876இல் இரு பருவமழையும் பொய்த்தன. 1878 வரை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி பஞ்சத்தில் வாடியது. 'தாது வருஷப் பஞ்சம்' என முதியோர் வாய்மொழியாய் வந்தது அதுவே. மழையின்மை மட்டும் காரணமன்று; நாட்டில் மக்கள் மடியும் பொழுதே தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. நம் பகுதியில் ஆற்றுநீர் பாயும் வயலுடையார் ஒருவாறு தாங்கினர். பனையையும் வானத்தையும் நம்பிய செம்மணற் பகுதியார்க்கு அத்தாங்கல் இல்லை. பசியைப் பின்தொடர்ந்து வாந்திபேதி வந்தது. அந்நாளில் நாசரேத்தில் குருவாயிருந்த மர்காஷிஸ் ஐயர், பெற்றோரை இழந்த சிறுவர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். அவர் ஊட்டுதலோடு நிற்கவில்லை. 1878இல் கைத்தொழிற் பள்ளியும் தொடங்கித் தச்சும் தையலும் முதலிய தொழில்களைக் கற்பித்தார். (நாசரேத்தும் கொற்கையும் 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தனவே, இன்று தூத்துக்குடி மாவட்டத்தன.) பஞ்சகாலத்து மிஷன் இல்லங்கள் சோற்றைக் காட்டி மதம் வளர்த்தன என்பாரும் உளர். அவ்வழக்கில் இரு பக்கத்தும் உண்மை உண்டு எனக் கருதுகின்றோம். ஆயினும் கையிலே தொழில் ஒன்றை ஈந்தமை, எப்பக்கத்தார் நோக்கினும் குறையாத நன்மையே.

பசியினும் நுண்ணியது அச்சம். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். அடுத்த ஆண்டு முதல் நம் மாவட்டத்தில் ஊழியம் செய்தார். 1901 மார்ச்சு மாதத்தில், அவர் பண்ணைவிளையில் தங்கியிருந்த காலை, கோயிலுக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து அவரை அடைந்தாள். அம்மையார் வரலாற்றில் பலரும் நினைவுகூர்வது அவ்வடைக்கலத்தையே. எம் நெஞ்சைத் தொட்டது அதற்கு முந்திய நிகழ்ச்சி. அச்சிறுமி முன்னரும் ஒருமுறை தப்பியவள். அப்பொழுது அவள் ஓடியது மிஷன் வீட்டுக்கன்று, தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடத்துக்கு. ஏறத்தாழ இருபது மைல் கடந்து சென்றாள். தேடி வந்தோர் தெய்வத்தின் சினத்தைச் சொல்லி மிரட்டவே, தாய் நடுங்கி, தன் கழுத்தைக் கட்டியிருந்த சிறு கைகளைத் தானே பிரித்து அவர்களிடம் ஒப்படைத்தாள். திரும்பிய பின் அக்கைகள் சுடப்பட்டன. இத்தாய்க்கு அன்பு இல்லை எனல் பொருந்துமா? அவளுக்கு அஞ்சாதே என்று சொல்லி உடன் நிற்பார் ஒருவர் இல்லை. பேணுநர் இல்லோர் என்னும் பெயர் பிள்ளைக்கு மட்டுமன்று, அத்தாய்க்கும் உரித்து.

களக்காட்டை அடுத்து மேற்கு மலையடிவாரத்திலுள்ள டோனாவூரில் அம்மையார் அமைத்த இல்லம் இவ்வாறு பிறந்தது. 1904 முதல் கைக்குழந்தைகளும், 1918 முதல் ஆண்பிள்ளைகளும் அங்குச் சேர்க்கப்பட்டனர். ஆங்குப் பேரறையில் நூறு கட்டில் என்னும் முறை இல்லை. சிறு சிறு வீடுகளில், 'அக்காள்' எனவும் 'சிற்றி' எனவும் முறைசொல்லி அழைக்கப்பட்ட பெண்டிர், தத்தமக்கு உரிய பிள்ளைகளை வளர்த்தனர். 1951இல் மறைந்த அவ்வம்மையார் கல்லறைமேல் அவர் விருப்பப்படி பறவைகள் நீராடும் தொட்டி ஒன்றே உள்ளது. அதில் 'அம்மா' என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது.

அதே கேட்டை வேறு வழியால் எதிர்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் சட்டசபையில் போராடினார். விடுதிகள் ஏற்க மறுத்த பெண்களைத் தம் வீட்டில் ஏற்றார். 1930ஆம் ஆண்டளவில் எழுந்த அவ்வை இல்லம் அதன் பயன். பெண்களைக் கோயிலுக்கு ஒப்படைத்தலைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1947இல் வந்தது. ஓடி வந்தவளை ஏற்றல் ஒரு தொண்டு. ஓடவேண்டா நிலையை ஆக்குதல் மற்றொன்று. இரண்டாவது செய்வார்க்கு நன்றி கூறுவார் குறைவு, என்னை, எவரெவர் காக்கப்பட்டனர் என்பது அவர்க்கே தெரியாது.

நாணம் மற்றொரு காரணம். சாலியைக் கொற்கைக்குத் துரத்தியது அதுவே. இன்றும் மணமாகாத் தாயரைத் துரத்துவதும் அதுவே. பெண்மகவு வேண்டா என்னும் கொடுமையும் இதனோடு சேரும். அதன் பொருட்டே 1992இல் சேலத்தில் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரித்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ இன்னும் ஒரு படி சென்றது. வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தைகள் நலக்குழுவின் முன் சென்று பிள்ளையை ஒப்புவிக்கலாம். ஒப்புவித்த பின்னும் மனம் மாற இரண்டு மாத காலம் உண்டு. தம்மால் ஆகாத இடுக்கணால் பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர், வேண்டுமென்றே கைவிட்டவராகக் கருதப்படமாட்டார். சாலி இன்று இருந்தால் இரவில் தோட்டம் தேட வேண்டுவதில்லை. ஆயினும் சாலியர்க்கு இச்செய்தியைச் சொல்வார் எத்துணையர்? எம் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். அறிந்தார் ஒருவரும் இலர்.

இனி அச்சிறுமியின் தாயிடம் வருவாம். டவுணிலும் பேட்டையிலும் மேலப்பாளையத்திலும், அப்பால் முக்கூடல், ஆலங்குளம் வரையிலும், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்டிரைக் காணாத தெரு அரிது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி. இலை நனைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்குமளவும் கை ஓய்வதில்லை. கை ஓய்ந்த நாளில் கூலியும் இல்லை. கணவன் உள்ள வீட்டில் இது துணை வருவாய். அவன் இறந்தோ, குடித்தோ, பிரிந்தோ போனால் இதுவே முழு வருவாய். வாடகை கொடுத்து எஞ்சியதில் இரு பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் காணாதபொழுது, "ஹோமில் விடு, மூன்று வேளையும் சாப்பாடாவது கிடைக்கும்" என்று அயலார் கூறும் சொல் அறிவுரையாகவே தோன்றும். இங்கே இறப்பும் இல்லை, கொடுமையும் இல்லை, வெறுப்பும் இல்லை. மாதத்திற்குச் சில ஆயிரம் ரூபாய்க் குறை ஒரு குடும்பத்தை இரண்டாக்கி விடுகின்றது.

இல்லம் தீயது என்பது எம் கருத்தன்று. யாரும் இல்லாப் பிள்ளைக்கும், தன் வீட்டிலேயே துன்புறுத்தப்படும் பிள்ளைக்கும் இல்லமே உயிர். ஆயினும் இல்லத்தில் எத்துணை நல்ல உணவு இடினும் தீராத ஒரு பசி உண்டு. ருமேனியா நாட்டுத் தலைநகரான புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆராய்ச்சியொன்றில், ஆறு இல்லங்களில் இருந்த 136 மழலையருள் ஒரு பாதியார் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டனர். குடும்பத்திற் சென்றோர் அறிவுத்திறத்திலும் பிறரோடு ஒட்டி உறவாடும் இயல்பிலும் மேம்பட்டனர். இரண்டு வயதுக்கு முன் சென்றோர்க்கு நன்மை மிகுந்திருந்தது. டோனாவூர்ச் சிற்றியர் இவ்வாராய்ச்சியை அறியார். எனினும் ஒரு குழந்தைக்குத் தன்னுடையவர் என ஒருவர் வேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

அத்தகைய ஒருவர் முன்னரே இருக்கும்பொழுது அவரைப் பிரித்துவிட்டு, அவர்க்கு மாற்றாக வேறொருவரைத் தேடுவானேன்? யாத்திராகமத்தில் மோசேயின் வரலாற்றை ஞாயிறு பள்ளியில் பலமுறை கேட்டுள்ளோம். அரசன் ஆணையால் மறைக்க இயலாமற்போன தாய், பிள்ளையை நாணற் பெட்டியில் வைத்து ஆற்றோரம் விட்டாள். பார்வோன் குமாரத்தி எடுத்தாள். பெட்டியும் நதியும் எல்லார் நினைவிலும் உள. பின் நிகழ்ந்தது எளிதில் மறக்கப்படுகின்றது: பால் கொடுத்து வளர்க்கும்படி அவ்விளவரசி அப்பிள்ளையின் சொந்தத் தாயையே அமர்த்திக் கூலியும் கொடுத்தாள். அவள் தாய் என்பதை அறியாமலே கொடுத்தாள். விளைந்தது, பிள்ளை தன் தாய் மடியிலேயே வளர்ந்தது.

அக்கூலிக்கு இன்று நம் நாட்டில் 'நிதி ஆதரவு' எனப் பெயர். 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தந்துள்ளது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயோடும், தாத்தா பாட்டி முதலிய உறவினரோடும் வாழும் வறிய பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கலாம். குடும்ப வருவாய்க்கு வரம்பு உண்டு. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகச் செல்லும். தமிழ்நாட்டு அரசு, கொரோனாத் தொற்றால் பெற்றோரை இழந்தார்க்கு 2021இல் தனி வைப்புத்தொகை அளித்தது. 2025 செப்டம்பரில், பெற்றோர் இருவரையும் இழந்த வறிய பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தையும் தொடங்கியது. இவை போதுமா என்பது வேறு. இவை உள்ளன என்பதே பீடி சுற்றும் தாய்க்கு எட்டவில்லை. எட்டினும், சான்றிதழ் பல வேண்டும். ஒரு நாள் அலுவலகம் சென்றால் ஒரு நாட் கூலி போம். நம்மனைய மாணவர்க்கு இடமுள்ளது இங்கே என எண்ணுகின்றோம். எழுத்தறிவும் ஓய்ந்த மாலைப்பொழுதும் நம்மிடம் உள. இனிப்புக்குச் செலவிட்ட பணத்தைவிட இவை பயன்படும்.

ஆபுத்திரன் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அஃது எம்மை வருத்துவது. வேள்விக்கெனக் கட்டிய பசுவை அவன் இரவில் விடுவித்தான். அகப்பட்டு வாதிட்டபொழுது, அந்தணருள் ஒருவன் அவன் பிறப்பை அறிவேன் என்று எழுந்து, சாலியின் செய்தியை அவையில் உடைத்தான். அதுகாறும் தன் மகன் என்று மறையோதுவித்து வளர்த்த இளம்பூதி அவனைக் கைவிட்டான். ஊரார் அவன் பிச்சைக்கலத்திற் கல்லை இட்டனர். முதன்முறை கைவிட்டவள் அச்சத்தால் நடுங்கிய ஒருத்தி. இரண்டாம் முறை கைவிட்டது கற்றறிந்த ஓர் ஊர்.

கல்லிடுவார் இன்று இலர் எனலாமோ? பள்ளியில் எல்லார் முன்னும் "தகப்பனார் பெயர் என்ன?" என இருமுறை உரக்கக் கேட்டலும், திருமணப் பேச்சில் "எந்த வயிற்றுப் பிள்ளையோ" என்றலும் கல்லே. சாதி கேட்டு விடை பெறாது முகம் சுளிப்பாரும் உளர். அரசு இதற்கு ஒரு வழி கண்டுள்ளது: பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, காப்பார் எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது ஏற்ற இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்ந்த பிள்ளைகளைத் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துள்ளது. பதினோராம் வயதில் இழந்தவன் யாது செய்வான் என்பது எமக்கு விளங்கவில்லை. பதினெட்டு வயது நிறைந்த பின் இல்லத்தை விட்டுச் செல்வோர் நிலையும் எண்ணத்தக்கது. இருபத்தொரு வயது வரை பின்னாதரவு அளிக்கச் சட்டம் இடம் தருகின்றது. ஆயினும் வாடகைக்கு வீடு கேட்கும் இளைஞனை உரிமையாளர் முதலிற் கேட்பது "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை" என்பதையே. அவ்வினாவுக்கு எச்சட்டத்திலும் விடை இல்லை.

கைவிடப்பட்ட குழந்தையைக் காண்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1098 என்னும் எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக்குழுவுக்கோ இருபத்துநான்கு மணி நேரத்துள் தெரிவித்தல் வேண்டும். இரக்கத்தால் தாமே வீட்டுக்கு எடுத்துச் செல்லுதலும், பிள்ளையில்லாத் தம்பதியர்க்கு மறைவாய்க் கொடுத்தலும் இளம்பூதி காலத்துக்கு ஒத்தன. இன்று அவை பிள்ளையை விற்பார்க்கு வழி திறப்பன. சட்டப்படி விசாரணை நிகழுங்கால் தாயைத் தேடும் முயற்சியும் நிகழும். சில வேளை அவள் கிடைப்பாள். சில வேளை பிள்ளையைத் திரும்பக் கேட்பாள்.

சனவரித் திங்களில் எம்முள் மூவர், இல்லத்தலைவியாரின் இசைவோடு, அச்சிறுமியின் தாயை டவுணில் அவர் வீட்டிற் கண்டோம். நிதி ஆதரவைப் பற்றிச் சொன்னபொழுது அவர் முதலில் நம்பவில்லை. கடன் கொடுப்பவர் என எண்ணி, "வட்டி எவ்வளவு தம்பி?" என்று வினவினார். ரேஷன் அட்டையும் ஆதாரும் வங்கிப் புத்தகமும் இருந்தன. கணவரின் இறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் கட்டட வேலைக்குக் கேரளம் சென்ற இடத்தில் இறந்தவர். உடலைக் கொணர்ந்தோர் தாள் ஒன்றும் கொணரவில்லை. இறந்த ஊரின் பெயரும் அவ்வம்மையார்க்குச் செவ்வையாகத் தெரியாது. உடன் வேலை செய்தவர் ஒருவர் பாவூர்ச்சத்திரத்தில் உள்ளார் எனக் கேட்டு இருமுறை சென்றோம். இரண்டாம் முறை அவரைக் கண்டோம். ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவ்வூர்ப் பதிவாளர்க்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் இந்நாள்வரை விடை வரவில்லை.